பல்லு போன ஸ்டாம்புக்குப் பவுன் விலை

மருமவனே, நல்ல காரியம் பண்ணியிருக்க. அமெரிக்காக்காரனோட 3 சென்ட் ஊதா ஸ்டாம்பு, வாஷிங்டன் தலை, 1911-ஆம் வருசத்துச் சுருள். மேலயும் கீழயும் பல்லு கெடையாது, ரெண்டு பக்கவாட்டுல மட்டும் பல்லு. காட்டலாக்ல லட்சக்கணக்குல விலை போட்ட சரக்கு ஒனக்கு மட்டும் எட்டாயிரத்துக்குக் கெடச்சிருக்கு. வித்தவனுக்கு ஒம்மேல எம்புட்டுப் பிரியம் இருந்தா இப்படித் தூக்கிக் குடுப்பான்! சொந்தத் தம்பிக்குக்கூட அவன் இந்த விலைக்குக் குடுத்திருக்க மாட்டான். கேட்டிருந்தாலும், "ஒனக்கு எதுக்குல இது"ன்னு வெரட்டியிருப்பான்.

எனக்கும் மேல்வரிசை, கீழ்வரிசை ரெண்டும் போயிட்டு. ஒரு பயலாவது வந்து விலை கேட்டானா? ஸ்டாம்புக்கு மட்டும் பல்லு போனா மவுசு. அந்த மவுசு எங்கேருந்து வந்துதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, நீ வாங்குனது என்னதுன்னும் தெரிஞ்சிரும். தபாலாபீஸ்ல சீல் குத்தியே தேஞ்ச கை இது. சொல்லுதேன், கேளு.

அந்தக் காலத்துல ஸ்டாம்பு எல்லாம் தாளாத்தான் வரும். ஒரு தாளுல 400. அதக் காலா வெட்டி, நூறு நூறா ஜன்னல்ல வச்சுக் கிழிச்சுக் குடுப்பாவ. அமெரிக்காவுல 1900 தாண்டுனதும் ரெண்டு கூட்டம் முளைச்சுது. காசப் போட்டா ஸ்டாம்பு துப்புற மிசின் செய்யுதவன் ஒருத்தன். ஆயிரக்கணக்குல உறை அனுப்புற கம்பேனிக்கு ஸ்டாம்பு ஒட்டிக் குடுக்குற மிசின் செய்யுதவன் இன்னொருத்தன். மிசினுக்குத் தாளு ஆகாது, நாடாவாட்டம் நீளமா வேணும். அதனால பல்லே போடாத தாள தபால்துறைகிட்ட வாங்கி, அவனவனே கீறி, ஒட்டி, தன் மிசினுக்குத் தக்கன ஓட்டையும் குத்திக்கிட்டான். ஷெர்மாக், மெயிலோமீட்டர், பிரிங்கர்ஹாஃப்னு ஆளுக்கொரு ஓட்டை. ஷெர்மாக்கோட மூணாவது மாதிரியப் பாத்தா ஒனக்குச் சிரிப்பு வரும். வட்ட ஓட்டையே கெடையாது, பக்கத்துக்கு ரெண்டு நீளப் பொத்தல், அம்புட்டுதான்.

1908-ல தபால்துறையே சுருள் செய்ய எறங்கிட்டு. ஒடனே பெரிய ஆலைன்னு நெனச்சுக்கிடாத. இருந்த தாள எடுத்து, ஒரு திசையில மட்டும் ஓட்டை போட்டு, தாளோட தாள கையால பசை வச்சு ஒட்டி, கீறி, சுருட்டுனாவ. ஒரு தாளுல வரிசைக்கு 20 ஸ்டாம்பு. அதனால இருபதுக்கு ஒரு ஒட்டு வரும். அந்த ஒட்டு விழுந்த ஜோடியத் தேடுறதுக்குன்னே ஒரு கூட்டம் அலையுது. 500, 1000-னு சுருளு போட்டு வித்தாவ. வாங்குனவன் மிசின்ல மாட்டுனான், மிசின் ஒட்டுச்சு, உறையப் பிரிச்சவன் குப்பையில போட்டான். அப்ப ஆல்பம் வச்சிருந்த பெரிய மனுசனுவளுக்குச் சுருள்னா எளக்காரம். "ரெண்டு பக்கம் பல்லில்ல, இதையெல்லாம் எவன் சேப்பான்"னு விட்டுட்டாவ. அந்த எளக்காரத்துக்குத்தான் இன்னைக்கு அவிய பேரப்பிள்ளைய வட்டி கட்டிட்டு இருக்காவ.

பல்லு கணக்கு ஒண்ணு இருக்கு, அதயும் கேட்டுக்க. 2 சென்டிமீட்டருக்குள்ள எத்தனை ஓட்டையோ அதுதான் எண்ணு. மொதல்ல 12 போட்டாவ. ஓட்டை நெருக்கமா இருந்துதா, மிசின் இழுத்ததும் நாடா பொட்டுப் பொட்டுன்னு அறுந்துட்டு. 1910-ல எட்டரைக்கு எறக்குனாவ. இப்ப அறாது. ஆனா ஒத்த ஸ்டாம்பப் பிய்க்கதுக்குள்ள ஸ்டாம்பே கிழியும். கடைசில 1914-ல 10-னு சமரசம் ஆச்சு. அதனாலதான் 12 பல்லுச் சுருளுக்கு ஆயுசு ரெண்டு, மூணு வருசம். அதுல இன்னும் கொறைஞ்ச ஆயுசு உள்ளதுவதான் லட்சத்துக்குப் போகுது.

டெட்ராய்ட்ல நடந்த கூத்து ஒண்ணு. 4 சென்ட் பழுப்பு, ஜெனரல் கிராண்ட் தலை. 1908-ல பல்லில்லாம 25 தாளு, அதாவது 10,000 ஸ்டாம்பு மட்டும் ஷெர்மாக் கம்பேனிக்காக அடிச்சுக் குடுத்தாவ. ஊருக்கு யாரும் தண்டோரா போடல. அதுல பெரும்பகுதி கார்ஹார்ட்னு உழைப்பாளி உடுப்பு தைக்கிற கம்பேனியோட விளம்பர உறையில ஒட்டிப் போயிட்டு. உறைய வாங்குனவன் துணியப் பாப்பானா, ஸ்டாம்பப் பாப்பானா? இன்னைக்கு ஒலகத்துல மிஞ்சுனது அம்பதச் சுத்தி இருக்கும். பத்தாயிரத்துல அம்பது, பாத்துக்க.

இப்ப ஒன் சரக்குக்கு வாரேன். இதுக்கு ஆரஞ்ச்பர்க் சுருள்னு பேரு. நியூயார்க் மாகாணத்துல ராக்லேண்ட் கவுண்டிக்குள்ள ஒரு சின்ன ஊரு ஆரஞ்ச்பர்க். அங்க பெல் கம்பேனின்னு மருந்து செய்யுத கம்பேனி வச்சிருந்த முதலாளி ஒருத்தன். சரக்கு என்ன தெரியுமா? பப்பாளி! செமிக்காத வயித்துக்குப் பப்பாளி மாத்திரை, பேரே பபேயன்ஸ். நம்ம ஆத்தா பப்பாளியக் காசில்லாம அறுத்துக் குடுத்தா. அவன் அத மாத்திரையாக்கி, நாட்டுல உள்ள டாக்டர்மாருக்கெல்லாம் மாதிரிக்குன்னு அனுப்பியே பெரிய ஆளாயிட்டான். ஆயிரக்கணக்குல பொட்டலம் போவணும், ஒட்டுற மிசினு இருக்கு, 3 சென்ட் சுருளு மட்டும் இல்ல. தபால்துறைகிட்ட கேட்டான். அவிய ஊதா 3 சென்ட்டுத் தாள எடுத்து 12 பல்லு வச்சுக் குடுத்துட்டாவ. 1911 சனவரியில இது நடக்குது. அதே வருசத்துலயே 3 சென்ட்டும் எட்டரைப் பல்லுக்கு மாறிப்போச்சு.

டாக்டர் என்ன செஞ்சிருப்பான்? மாத்திரைய எடுத்து மேசையில வச்சான், பொட்டலத்தக் கசக்கிக் கூடையில எறிஞ்சான். மாதிரி மாத்திரை மூணாந்தரத் தபால்ல போறது. அப்படி வந்த விளம்பர உறைய எவன் பத்திரப்படுத்துவான்? காதல் கடுதாசியா அது? அந்தக் குப்பைக்குத் தப்பிச்ச சிலதத்தான் இப்ப வெள்ளைக்காரன் வெல்வெட் துணியில வச்சு ஏலம் விடுதான். பயன்படுத்தாத புதுசுன்னா ரெண்டு கை விரலுக்குக் கொஞ்சம் மேல. அம்புட்டுதான் ஒலகத்துக்கே. ஆனாலும் ஒனக்குச் சீல் குத்துனது ஒண்ணு கெடச்சிருக்கே, அதச் சொல்லணும்.

சுருளு ஸ்டாம்புல போலி செய்யதுக்கு ரெண்டே தொழில்தான். ஒருத்தன் பல்லைப் பிடுங்குவான், இன்னொருத்தன் பொய்ப்பல் கட்டுவான்.

பிடுங்குதவன் வேலை சுலுவு. நாலு பக்கமும் 12 பல்லு உள்ள சாதா 3 சென்ட் ஸ்டாம்பு அதே வருசம், அதே நெறம், அதே காகிதத்துல கோடிக்கணக்குல அடிச்சது. அத எடுத்து, மேலயும் கீழயும் பிளேடு வச்சுச் சீவிட்டா முடிஞ்சுது. அதுலயும் ஒரு சூது. 400 ஸ்டாம்புத் தாளக் காலா வெட்டும்போது நடுக்கோட்டுல பல்லு போட மாட்டாவ, கத்தியால நேரா வெட்டிருவாவ. அதனால ஓரத்து ஸ்டாம்புக்குப் பொறவிலேயே ஒரு பக்கம் பல்லு இருக்காது. ஆல்பக்காரனுவளுக்கு இது ஊனம்னு நெனப்பு, சல்லிசா விப்பாவ. சீவுற பயலுக்கு அது லட்டு. பாதி வேலைய அரசாங்கமே முடிச்சுக் குடுத்துட்டு. அவனுக்கு மிச்சம் ஒரு பக்கந்தான்.

பொய்ப்பல் கட்டுதவன் ரகம் வேற. 1, 2 சென்ட்டுல பல்லில்லாத தாளு அப்ப ஜன்னல்லயே வித்தாவ, வேணுங்குறவன் வேணுங்குற மட்டும் வாங்கலாம். அதுல ஒரு துண்ட எடுத்து, ரெண்டு பக்கம் ஓட்டை குத்திட்டா 1908 சுருளு ரெடி. மேலயும் கீழயும் பாத்தா அகலமா, அம்சமா இருக்கும், சீவுன அடையாளமே காணாது. 1908-ஆம் வருசத்து 1 சென்ட் ஃபிராங்க்லின், 5 சென்ட் லிங்கன் எல்லாத்துக்கும் இந்த வைத்தியம் நடந்திருக்கு. அரசாங்க மிசின்ல 12-னா ஒரு ஓட்டையின் நடுவுலருந்து அடுத்த ஓட்டையின் நடுவுக்கு ஒரு அங்குலத்த ஆயிரமாப் பிரிச்சதுல 66 பங்கு. இந்த அளவுக்குன்னே கியுசாலாஸ்னு ஒரு அளவுச் சட்டம் இருக்கு. அத மேல வச்சா, பத்து ஓட்டை போறதுக்குள்ள குத்துனவன் கை எங்க நழுவுச்சுன்னு காட்டிரும். ஓட்டை விழுந்த விளிம்பயும் பூதக்கண்ணாடியில பாரு. அரசாங்க மிசினு அவசரத்துல அடிச்சது, அங்கங்க நார் நிக்கும். திருட்டுப் பய பொறுமையா, கண்ணும் கருத்துமாக் குத்தியிருப்பான், ஓட்டை அழகா இருக்கும். இந்த ஒலகத்துல ரொம்ப ஒழுங்கா வேலை செய்யுதவனத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கு.

செரி, ஒன் ஸ்டாம்ப எடு. கையால தொடாத, இடுக்கியால எடு. கவுத்தி, கறுப்புத் தட்டுல வையி. நீர்க்குறி பாக்குற திரவத்த ரெண்டு சொட்டு விடு, விளக்குப் பக்கத்துல விடாத, சட்டுன்னு தீப்பிடிக்கும். இந்தா, காகிதத்துக்குள்ள எழுத்து தெரியுதா? யு, எஸ், பி, எஸ்-னு எழுத்தக் காகிதம் செய்யும்போதே அழுத்தியிருப்பான். 1910 வரைக்கும் ரெட்டைக்கோட்டு எழுத்து, உள்ளே வெத்தா இருக்கும். பொறவு ஒத்தைக்கோடு. 1916-க்கு மேல எழுத்தே கெடையாது. எழுத்து தாளு முழுக்கப் பரவிக் கெடக்கும், ஒரு ஸ்டாம்புக்கு ஒரு கால், அரைக் கைதான் சிக்கும். ஆரஞ்ச்பர்க்னா ஒத்தைக்கோடு வரணும். பல்லில்லாத பழைய 3 சென்ட்டு ரெட்டைக்கோடு, அதுல பொய்ப்பல் கட்டியிருந்தா இந்த எடத்துலயே பிடிபட்டுருவான். ஒனக்கு ஒத்தைக்கோடு வருது. எதுக்குலே குதிக்க? சீவுறதுக்கு எடுக்குற சாதா ஸ்டாம்புக்கும் ஒத்தைக்கோடுதானே!

அளவுகோல எடு. மேல் விளிம்புலருந்து கீழ் விளிம்பு மட்டும் அள. சுருளு நாடாவக் கத்தி கீறுறது ரெண்டு ஸ்டாம்புக்கு நடுவுல உள்ள எடத்துல. அதனால அசல் சுருளுக்கு மேலயும் கீழயும் முழு எடம் மிஞ்சும். நாலு பக்கப் பல்லு ஸ்டாம்புல அந்த எடத்த ஓட்டை தின்னுட்டும். ஓட்டை போவச் சீவுனா, ஸ்டாம்பு குட்டையாயிரும். ஆனா எப்பவாச்சும் பெரிய ஓரம் உள்ளது ஒண்ணு ரெண்டு அமையும், அதத்தான் தேடிப் புடிச்சுச் சீவுவானுவ. அப்ப ரெண்டு விளிம்பும் இணையாப் போவுதான்னு பாரு. நாடாவக் கீறுன கத்திக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேர்தான். ராத்திரி லைட்டுல குந்திச் சீவுனவனுக்கு ஒரு பக்கம் ஏறும். ஒன்னோடது இடப்பக்கம் ஒரு நூலு கூட இருக்கு. வித்தவன்கிட்ட கேட்டா, "அது அசலுக்கே உள்ள அழகு"ன்னு சொல்லுவான். கேளேன்.

இதோட விட்டுருக்கலாம், ஆனா 1914-ல ஸ்டிக்னின்னு ஒருத்தன் வந்து நமக்கு வேலைய ரெட்டிப்பாக்கிட்டான். அவன் செஞ்ச உருளை அச்சு மிசின்ல தட்டைத் தகட்ட வளைச்சு உருளையில மாட்டணும். வளைச்சா தகடு நீளும், படமும் நீளும். தட்டை அச்சுல படம் பதினெட்டரையிலருந்து 19 மில்லிமீட்டர் அகலம். உருளையில அடிச்ச பக்கவாட்டுச் சுருள்ல பத்தொம்பதரையிலருந்து 20. அரை மில்லிக்கும் ஒரு மில்லிக்கும் நடுவுலதான் சில ஸ்டாம்போட சாதியே மாறுது. 1 சென்ட் பச்சை ஃபிராங்க்லின் ஒண்ணு இருக்கு, சுருளு அடிச்சதுல மிஞ்சுன துண்டுக் காகிதத்த வீணாக்காம நாலு பக்கமும் 11 பல்லு போட்டு வித்தது. தட்டை அச்சுல வந்த பச்சைக்கும் 11 பல்லுதான். அது கெடக்கு குப்பையா. இது வந்தா வீடு கட்டலாம். அகலம் ஒண்ணுதான் வித்தியாசம். இதுக்காகப் பொண்டாட்டிய மறந்து, கெழடுக தினமும் கெடைக்கிற பச்சை ஸ்டாம்பையெல்லாம் அளந்துட்டு இருக்கு அங்க.

அந்த 1914-லேயே 2 சென்ட் செவப்பு ஒண்ணு, உருளை அச்சு, பல்லே இல்லாத சுருள். இதுக்கும் ஒரு அண்ணன் உண்டு, 10 பல்லு வச்சது. அண்ணனோட ரெண்டு பக்கப் பல்லையும் சீவிட்டாத் தம்பி. அதனால வெவரம் தெரிஞ்சவன் இத ஒத்தையா வாங்க மாட்டான், ஜோடியாத்தான் வாங்குவான். ரெண்டு ஸ்டாம்பு ஒண்ணாச் சேந்திருந்து, நடுவுல ஓட்டை இல்லேன்னா எவன் சீவி அப்படிக் கொண்டாருவான்? உருளையில ரெண்டு வளைஞ்ச தகடு சேருற எடத்துல மை புகுந்து ஒரு கோடு விழும், பக்கவாட்டுச் சுருள்ல பதினேழு ஸ்டாம்புக்கு ஒண்ணு. அந்தக் கோடோட ஜோடி வந்துட்டா விலை இன்னும் ஏறும். நீ ஜோடி கேட்டியா? "ஒத்தையா இருந்தாத்தான் அபூர்வம்"னு அவன் சொன்னானா? நல்லாத்தான் சொல்லியிருக்கான், அவனுக்கு வாயும் இருக்கு.

இப்ப என் தொழிலுக்கு வாரேன், முத்திரைக்கு. ஸ்டாம்பப் பாக்குறவன் படத்தப் பாப்பான், நான் கறுப்ப மட்டும் பாப்பேன். ஆரஞ்ச்பர்க் உறையில எல்லாம் ஆரஞ்ச்பர்க் தபாலாபீஸ் மிசின் முத்திரை, அலையலையாக் கோடு, 1911-ஓட தொடக்க மாசங்கள். அந்த ஊர விட்டு வேற ஊர்ல அந்தச் சுருளு விழுந்ததுன்னு வந்தா, நிபுணன் கண்ணாடியக் கழட்டி வச்சிருவான். ஒன் ஸ்டாம்புல வட்டத்துல கால்வாசி தெரியுதே, அந்த எழுத்தப் படி. சி, எச், ஐ. பக்கத்துல இன்னொரு சி-யோட வளைவு. சிகாகோல மருமவனே. அந்த மாத்திரைக் கம்பேனி சுருளத் தூக்கிக்கிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல ரயிலேறி அங்க போயி ஒட்டுச்சாக்கும். 1908 சுருள்லயும் இதே கதைதான். 2 சென்ட்டுல ஒரு வகை, ஒலகத்துலயே அரிது, உறையோட அறியப்பட்டது இண்டியானாபொலிஸ் முத்திரைதான். ஊரு பேருல ஆரம்பிச்சாத்தான் ஸ்டாம்பு பேருக்கு வர முடியும்.

இதையெல்லாம் பாத்தும் சந்தேகம் தீரலேன்னா, சான்றிதழ். நியூயார்க்ல பிலாட்டலிக் ஃபவுண்டேஷன் 1945-லருந்து இருக்கு. பென்சில்வேனியாவுல பெல்ஃபான்ட்ல அமெரிக்கன் பிலாட்டலிக் சொசைட்டியும் பாத்துக் குடுக்குது. ஒன் ஸ்டாம்ப அனுப்பு. அவிய கையில அசலு ஜாதி ஸ்டாம்பு இருக்கு, பக்கத்துல வச்சுப் பாப்பாவ. பல வெளிச்சத்துல படம் எடுப்பாவ, பசைய மாத்தியிருக்கா, கிழிசல ஒட்டியிருக்கான்னு கண்டுபிடிப்பாவ. ஒரு காகிதத்துல படத்தோட, நம்பரோட எழுதி அனுப்புவாவ. அது தீர்ப்பு இல்ல, அபிப்பிராயந்தான். பழைய சான்றிதழ்ல அசலுன்னு எழுதுனத, பொறவு வேற ஆளுக பாத்துப் போலின்னு மாத்துனதும் உண்டு. அதனால பழைய காகிதத்தோட ஸ்டாம்பு வந்தா, படத்துல உள்ள பல்லும் முத்திரையும் கையில உள்ளதோட ஒண்ணுதானான்னு மொதல்ல பாரு. சான்றிதழ் அசலா இருந்து, ஸ்டாம்பு வேற ஆளா வந்த கல்யாணமும் நடந்திருக்கு.

அனுப்புற செலவையும் கூட்டிப் பாத்துக்க. தபால், இன்சூரன்ஸ், பாக்குற கட்டணம், அதெல்லாம் போனா நீ குடுத்த எட்டாயிரத்துல ஒரு நல்ல பங்கு இன்னொரு தடவை போவும். சிகாகோ முத்திரைக்கு அது ஏன்? என்கிட்ட ஒரு டீயும் ரெண்டு வடையும் வாங்கிக் குடு, நான் இப்பவே எழுதித் தாரேன்: 3 சென்ட், சாதா, மேலயும் கீழயும் சீவுனது, ஒரு பக்கம் கோணல்.

வித்தவன் இன்னொண்ணும் சொன்னான்னு சொன்னியே, அத விட்டுட்டோம் பாரு. "இதே மாதிரி இன்னும் ஏழு எட்டு இருக்கு, நம்பிக்கையான ஆளுக்கு மட்டும் குடுப்பேன்"னானா? ஏழெட்டு ஆரஞ்ச்பர்க்! நியூயார்க் ஏலக்காரனுக்கே ஒரே நேரத்துல அம்புட்டு கெடைக்கிறது கஷ்டம். அவன் போன் நம்பர இங்க போடு. நான் பேசுதேன். மூணு வேணும்னு கேட்டுப் பாப்போம், இடப்பக்கமாச்சும் நேராச் சீவித் தரச் சொல்லி.